கழுத்துக் கறுப்பு ஊத்தையல்ல



மகளின் தலையைச் சீவிப் பின்னும்போது அவளுடைய பிடரியைக் கவனித்திருப்பீர்கள். முகம் மாநிறமாக இருக்க, பின்கழுத்து மட்டும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடித்து, வரிவரியாக இருக்கும். “ஒழுங்காக் குளிக்கிறல்லையா? ஊத்தை எப்பிடிப் புடிச்சிருக்கு பாரு!” என்று ஏசியும் இருப்பீர்கள். தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்ததில் பிள்ளையின் கழுத்து எரிந்ததுதான் மிச்சம். கறுப்பு போகவில்லை.

போகாது. ஏனென்றால் அது ஊத்தையல்ல. உடம்புக்குள்ளே நடக்கின்ற ஒன்றைத் தோல் வெளியே காட்டுகிறது. வைத்தியர்கள் இதற்கு ‘அக்காந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்’ என்று வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கிடக்கட்டும், காரணத்தைப் பார்ப்போம்.

நாம் உண்ணும் சோறும் மாவும் சீனியாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சீனியை உடம்பின் கலங்களுக்குள் அனுப்புவது சதையி சுரக்கும் இன்சுலின். உடம்பு பருத்து வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஏறும்போது கலங்கள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. சதையியோ விடாமல் மேலும் மேலும் சுரக்கிறது. இப்படி மிதமிஞ்சிய இன்சுலின் தோலின் கலங்களையும் தூண்டிவிட, கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கு ஆகிய மடிப்புள்ள இடங்களில் தோல் தடித்துக் கறுக்கிறது. சிலருக்கு அங்கே சிறு சிறு மருக்களும் தொங்கும். இந்தக் கட்டத்தில் இரத்தத்தில் சீனி சரியான அளவிலேயே இருக்கலாம். சீனி வியாதி வந்து சேருமுன்னரே கழுத்து தந்தியடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கழுத்துக் கறுப்போடு மாதவிடாயும் தவறித் தவறி வந்து, மேலுதட்டிலும் நாடியிலும் முடி வளருமானால் சூலகத்தையும் பரிசோதிக்க வேண்டும். “கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாகிடும்” என்று வீட்டு மூத்தவர்கள் சொல்வார்கள். அதை நம்பி ஒத்திப்போடாதீர்கள். கலியாணம் முடித்தும் பிள்ளை தங்கவில்லையே என்று பின்னர் கிளினிக் கிளினிக்காக அலைகிறவர்களில் சிலருக்கு அதன் தொடக்கம் இங்கேதான் இருந்தது.

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் வீட்டுக்குள் இன்னொன்று வந்துவிடுகிறது: வெள்ளையாக்கும் கிரீம். இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இப்படியான கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது இலங்கையிலும் பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கும். நாளடைவில் தோல் மெலிந்து, முகத்தில் இரத்த நரம்புகள் தெரியத் தொடங்கும். சீனி வியாதியை அறிவிக்க வந்த கறுப்பை மறைக்கப்போய்ச் சிறுநீரகத்தைக் கொடுப்பது என்ன வியாபாரம்!

இதற்கு உண்மையான மருந்து உடம்பைக் குறைப்பதுதான். 80 கிலோ உள்ளவர் 5, 6 கிலோ இறக்கினாலே கறுப்பு மங்கத் தொடங்கலாம். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பின்னேரப் பால்தேநீருக்கு மூன்று கரண்டி சீனியும், நோன்பு திறக்க ரோல்ஸும் சமோசாவும் சர்பத்துமாக இருந்தால் நடக்காது. பாதையில் இறங்கி நடக்கத் தோதில்லாதவர்கள் வீட்டு முற்றத்திலாவது தினமும் அரை மணித்தியாலம் நடக்கலாம்.

மெலிந்த உடம்புள்ள, நடுவயதைத் தாண்டிய ஒருவருக்குத் திடீரெனக் கழுத்து கறுத்து, உள்ளங்கையும் தடித்து, சாப்பாடும் செல்லாமல் நிறை குறைந்தால் அது வேறு கதை. அபூர்வமாக இரைப்பைப் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டும். அவரை உடனே காட்டுங்கள்.

அரிப்பைப் பற்றியும் ஒரு சொல். மறைவிடத்தில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பை வெட்கத்தால் வெளியே சொல்லாமல் பவுடர் போட்டுச் சமாளிக்கிறோம். அதுவும் சீனியின் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில், தடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால் ஈரலைப் பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடியது என்பதால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

சீனி பார்க்கும் சோதனை பெரிய வேலையல்ல. 8 மணித்தியாலம் வெறும் வயிற்றோடு இருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். 100க்குக் கீழே என்றால் நல்லது. 126ம் அதற்கு மேலும் வந்தால், மறுபடி சோதித்தும் அப்படியே இருந்தால், சீனி வியாதி. இடையில் நிற்பவர்கள்தான் தப்பித்துக்கொள்ள நல்ல வாய்ப்புள்ளவர்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலுள்ள ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல்’ நிலையங்களில் இதை இலவசமாகவே பார்க்கிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மகள் ஹிஜாபோடுதான் டொக்டரின் முன்னால் உட்காருவாள். காய்ச்சலுக்கோ தலையிடிக்கோ மருந்தெழுதும் அவர் கண்ணில் அந்தக் கழுத்து படாது. பார்த்தது தலைபின்னிய உங்கள் கண் மட்டும். ஆகவே அவர் கேட்கும்வரை இருக்காமல், “பிள்ளையின் கழுத்து கறுத்திருக்கு டொக்டர், எங்கட குடும்பத்தில் சீனியும் இருக்கு” என்று நீங்களே சொல்லி, இரத்தச் சோதனைக்குத் துண்டு எழுதித் தரும்படி கேளுங்கள்.