நமது பட்டியலில் இல்லாதவர்கள்

உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் மலையக நகரங்களில் நம்மவர்கள் ஒரு பட்டியல் தயாரிப்பார்கள். பள்ளிவாசல் பாதைக்குக் கொங்கிறீட், மையவாடிக்குச் சுற்றுமதில், மத்ரஸாவுக்குக் கூரைத் தகடு, கடைத்தெருவுக்கு மின்விளக்கு. வேட்பாளர் வருவார். தேநீர் கொடுப்போம். பட்டியலை வாசிப்போம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். 'நமக்கு வேண்டிய ஆள்' என்று சொல்லிக்கொண்டு கலைந்து போவோம். கொட்டகலையில் 2018இலும் 2025இலும் நான் கண்டது இதைத்தான். வேட்பாளர்களின் கட்சிகள் வேறு, சின்னங்கள் வேறு. நாம் கேட்டது ஒன்றே, அவர்கள் சொன்ன பதிலும் ஒன்றே.

பட்டியலில் உள்ளவை நியாயமான தேவைகள்தாம். அதில் இல்லாதவற்றைப் பற்றியே எனக்கு வழக்கு. கொட்டகலைக் கடைத்தெருவிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். அந்தத் தேயிலைக்குள் இருக்கும் லயங்களைப் பற்றி நமது பட்டியலில் ஒரு வரி கிடையாது. 'சமூகப் பிரச்சினை' என்று நாம் சொல்லும்போது சமூகம் என்பது ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தில் பெயருள்ளவர்கள் மட்டும்தான்.

இந்தச் சபை எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்துவது நல்லது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சுமந்துகொண்டிருந்தன. நாட்டின் மற்றப் பகுதிகளில் சில பத்தாயிரம் பேருக்கே ஒரு சபை இருந்தது. மலையக மக்கள் நெடுங்காலம் கேட்டதன் பிறகுதான் அவை பிரிக்கப்பட்டு, 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை தனிச் சபைகளாயின. அந்தக் கோரிக்கையைச் சுமந்தவர்கள் தோட்ட மக்கள். சபை வந்ததும் முதலில் பட்டியலோடு போய் நின்றவர்களில் நாமும் இருந்தோம்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிட முடியாதபடி அது தடுத்தது. தோட்டத் தொழிலாளி வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் வரலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல்லைக் கொட்டச் சபைக்கு அதிகாரம் இல்லை. இந்த அநியாயம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் நமது பட்டியலில் '33' என்ற எண் ஒருமுறையாவது இருந்ததா? நமது வாக்கைக் கேட்டு வந்த எந்த வேட்பாளரிடமாவது அதைப் பற்றி நாம் கேட்டோமா?

'அது அவர்களுடைய பிரச்சினை' என்பார்கள். அப்படியானால் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1947இல் கொட்டகலை ஒரு பாராளுமன்றத் தொகுதி. அதில் வென்றவர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் கே. குமாரவேலு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின் வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் மலையகத்திலிருந்து அப்படி ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. 1949இல் வந்த சட்டத்தின் பெயரை முழுமையாகச் சொல்லிப் பாருங்கள்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து மலைநாட்டுச் சந்திகளில் கடை போட்ட நம் பாட்டன்மார்களும் அந்தச் சட்டத்தின் முன்னால் கடதாசிகளோடு நிற்க வேண்டியிருந்தது. ஒரே சட்டம், ஒரே வரிசை. அப்போது டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் நமது டி.பி. ஜாயா. கல்விமானாக அவரை நாம் கொண்டாடுவது சரி. 1948ஐப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

மறுபக்கமும் நம்மிடம் உண்டு. அப்துல் அஸீஸ் என்ற மனிதர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தார். பின்னர் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தினார். 1970இல் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினரானார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். பெயரைப் பார்த்து அவர்கள் ஒதுங்கவில்லை, அவரும் பள்ளிவாசல் பட்டியலோடு அரசியலுக்கு வரவில்லை. அவரைப் பற்றி நமது இதழ்களில் வந்த கட்டுரைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

இனி மையவாடிக்கு வருகிறேன். கொவிட் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். பிறகு ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இறந்தவரை எங்கே, எப்படி வைப்பது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும்போது நெஞ்சு எப்படி வெந்துபோகும் என்பது நமக்குத் தெரியும். அது ஏறக்குறைய ஓராண்டு.

தோட்டத்து மனிதனுக்கு அது தலைமுறைக் கணக்கு. அவன் குடியிருக்கும் லயம் அவனுடையதல்ல. அவன் பாட்டி புதைக்கப்பட்ட மேடும் அவனுடையதல்ல. காணி அரசுக்குச் சொந்தம், 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம். வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டவும் துரையின் அனுமதி வேண்டும். கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குப் போய்ச் சுற்றி வருகிறது. வீட்டோடு 7 பேர்ச் காணி என்ற பேச்சே 2015க்குப் பிறகுதான் உருப்படியாக எழுந்தது. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றே: இந்தச் சனங்களை எங்கே குடியேற்றுவது, யாருடைய காணியில்?

மையவாடிக்கு மதில் கேட்கும் நாமும், லயத்தைவிட்டு வெளியேறக் காணி கேட்கும் அவர்களும் கேட்பது அடிப்படையில் ஒன்றே. இந்த மண்ணில் எங்களுக்கு உறுதியான ஓரிடம் வேண்டும் என்பதே அது. இரண்டு பட்டியலாக எழுதுவதால்தான் வேட்பாளருக்கு வசதி. கடைத்தெருவில் ஒரு வாக்குறுதி, பெரட்டுக் களத்தில் இன்னொரு வாக்குறுதி. மலையக நகரங்களின் குப்பை எங்கே போகிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு தோட்டத்து ஓரத்துக்கு. குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து? தோட்டத்து மலை ஊற்றிலிருந்து. கடைத்தெருவைச் சுத்தமாக வைத்துத் தருகிறேன் என்று நம்மிடம் சொன்னவர், அந்தக் குப்பையை யார் வாசலில் கொட்டப் போகிறார் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய கொள்கை என்ன என்பது அந்த இடத்திலேயே வெளிச்சமாகியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. 'நுவரெலியா மாவட்டத்தில் நாம் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 2014இல் அளுத்கமை, 2018 மார்ச்சில் திகன. அதற்குப் பிறகு 2019. கடை வைத்திருக்கிறவன் அதிகாரம் உள்ளவனோடு ஒத்துப்போவதே புத்தி' என்பது அது. பயம் உண்மையானது. ஆனால் அந்தப் புத்தி நமக்கு எதைத் தந்தது? திகன எரிந்தது உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். நாம் வாக்களித்த பெரிய மனிதர்களில் எத்தனை பேர் வீதிக்கு வந்தார்கள்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாடெங்கும் பிரசாரம் நடந்தது. மலையகக் கடைத்தெருவில் நமது கல்லாப்பெட்டி நிறைவதும் காலியாவதும் தோட்டத்துச் சம்பள நாளைப் பொறுத்தது. நாட்சம்பளம் ஆயிரமாகட்டும் என்று அவர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள், 2021இல் அது கிடைத்தது. அந்தப் போராட்டத்தில் நாம் கடைக் கதவை அரைவாசி சாத்திவிட்டு வேடிக்கை பார்த்தோம். பற்றுக் கொப்பியில் அவர்கள் பெயர் இருக்கிறது, பட்டியலில் இல்லை. அயலவர் உரிமை பற்றி வெள்ளிதோறும் குத்பா கேட்கும் சமூகம் இது. எண்ணிக்கையில் சிறியவனுக்குப் பாதுகாப்பு அயலவன்தான், தவிசாளர் அல்ல.

2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலை அரசாங்கம் பணமில்லை என்று தள்ளிப்போட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாத சபையின் கீழ் இருந்த நமக்கு, கிடைத்த நான்கு ஆண்டின் பெறுமதி தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது சபையில் இருப்பவர்களிடமே கேட்கலாம். 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு எந்தத் தோட்டத்தில் என்ன செய்தீர்கள்? குப்பைக்கு நிரந்தர இடம் எது? தோட்ட மயானங்களும் நமது மையவாடியும் எல்லையிடப்பட்டுச் சபையின் பதிவில் இருக்கின்றனவா? லயத்துக்கு முகவரியும் பாதைக்குப் பெயரும் எப்போது? சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரைச் சேர்க்கவும் சட்டம் இடந்தருகிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரும் தோட்டத்துப் பெண் ஒருவரும் ஒரே குழுவில் உட்காரட்டுமே.

கடைசியாக, எழுதுகிற நமக்கு. அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரின் பெயரைச் சொல்லி மலைநாட்டு முஸ்லிம் இலக்கியப் பாரம்பரியம் பேசுகிறோம். ஆய்வரங்கு வைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால் மலையகத்தில் வாழும் நமது கதைகளில் கொழுந்துக் கூடை சுமந்தவள் கடைக்கு வந்து சாமான் வாங்கிப் போகும் பாத்திரம் மட்டுமே. அவளுக்குப் பெயரில்லை. அரசியல்வாதியின் பட்டியலைக் குறை சொல்லும் உரிமை அவளுக்குப் பெயர் வைத்த பேனாவுக்கே உண்டு. ஜமாஅத்தின் பட்டியலைத் திருத்துவதற்கு முன் நமது பொருளடக்கத்தைத் திருத்துவோம்.