நடுவர் நாற்காலி

பாடசாலைகளில் நடைபெறும் பாட்டுப் போட்டிகளில் பெரிதும் அஞ்ச வேண்டியவர் யார் என்று வினவினால், மேடையில் நிற்கும் மாணவரே என்று பலரும் விடை பகர்வர். இருபது ஆண்டுகளை ஆசிரியத் தொழிலிற் கழித்த எனக்கோ, எழுதுகோலும் புள்ளித்தாளுமாக மேசைக்குப் பின்னால் வீற்றிருக்கும் நடுவரே அஞ்ச வேண்டியவர் என்று தோன்றுகிறது. மாணவர் தவறினால் ஒரு பரிசு போகும். நடுவர் தவறினால் ஒரு குரலே ஓய்ந்துபோகவும் கூடும்.

சீன தேசத்துப் பல்கலைக்கழகங்களில் மாணவர்க்கான பாட்டுப் போட்டியை ஆண்டுதோறும் பெருவிழாவாக நடத்தி, சிறந்த பாடகர் பதின்மரைத் தெரிவு செய்யும் வழக்கம் உண்டு. ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற பிறநாட்டு ஆசிரியர்களையும் நடுவர் வரிசையில் அமர்த்தி அவர்கள் கௌரவிப்பார்கள். சீன மொழியிலே ‘மா’ என்னும் ஓரசைச் சொல், தொனி வேறுபாட்டினால் தாய் என்றும், சணல் என்றும், குதிரை என்றும், திட்டுதல் என்றும் பொருள்படும். அத்தகைய மொழியை அறியாத ஓர் ஆசிரியர், பாடுவோரின் குரல் இனிமையை உணரலாம்; சுருதி சேர்ந்ததா, லயம் தவறியதா என்று சொல்லலாம். ஆனால், ஓரடியைக் கேட்டவுடன் சபையோர் ஏன் கண்கலங்கினர் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அவருக்குக் கிடைத்த நாற்காலி மரியாதைக்குரியதுதான், ஆயினும் இக்கட்டானது.

இதே இக்கட்டு நமது நாட்டிலும் ஒருமுறை நேர்ந்தது. 1952 ஆம் ஆண்டில் இலங்கை வானொலி, தன் இசைக் கலைஞர்களைப் பரீட்சித்துத் தரம் பிரிப்பதற்காக இந்தியாவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கரை வரவழைத்தது. அவர் இசை அறிஞர் பாத்கண்டேயின் மாணாக்கர். லக்னோ இசைக் கல்லூரியின் அதிபர். இலங்கையிலிருந்து சென்ற மாணவர் பலரும் அக்கல்லூரியிற் பயின்றனர். அவருடைய புலமையில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

ஆயினும் ஒருவர் அவர்முன் பாடிக்காட்ட மறுத்துவிட்டார். அவரே அக்காலத்துச் சிங்களப் பாடகர்களில் முன்வரிசையில் நின்ற சுனில் சாந்த. லக்னோவிலே பயின்று ‘விசாரத்’ பட்டம் பெற்றவராகிய அவர், வட இந்திய இசையை அறியாமையினால் மறுத்தாரல்லர். சிங்களப் பாட்டு தன் மொழியின் ஒலிக்கும் இயல்புக்கும் இசைந்த வழியில் வளர வேண்டும், அதனை வட இந்திய இசையின் அளவுகோல் கொண்டு அளத்தல் தகாது என்பதே அவர் கொள்கை. அக்கொள்கைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வானொலியில் அவருக்கிருந்த இடம் பறிபோயிற்று. பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். 1981 இல் அவர் காலமானார். அவர் பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன.

இதனால் பண்டிதரைக் குறை கூறுதல் நியாயமாகாது. இலங்கைக்கு வந்த அவர், தம் இசையே இந்நாட்டுக்கும் போதும் என்று சொல்லிப் போகவில்லை. சிங்கள நாட்டார் பாடல்களை ஆராய்ந்து, அவற்றை அடிப்படையாகக் கொண்டு இந்நாட்டின் இசையை அமைக்கலாம் என்று அவர் தம் உரையொன்றிலே எடுத்துக்காட்டினார். நாட்டார் பாடலில் இங்குள்ள கலைஞர் சிலருக்கு ஊக்கம் பிறக்க அவ்வுரையும் ஒரு காரணமாயிற்று. வெளியிலிருந்து வந்தவருக்கு நம் வீட்டு முற்றத்துச் செல்வம் சில வேளை நம்மைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால், அச்செல்வத்துக்குப் புள்ளி இடும்போது அவர் கையில் இருப்பது அவரூர் அளவுகோலே. பண்டிதரின் வருகை நமக்குக் காட்டும் உண்மை இதுவே.

பிறரைப்பற்றி இவ்வளவு எழுதிய நான், என் கதையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மாத்தளைக்கு ஆசிரியனாக வந்தவன் நான். வந்த சில ஆண்டுகளில் ஒரு பாடசாலைப் போட்டிக்கு நடுவனாக அழைக்கப்பட்டேன். என் தாய்மொழியிலேயே பிள்ளைகள் பாடினர். ஆதலால் நான் அந்நியன் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. ரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு சிறுமி, தன் பாட்டியிடம் கற்ற தாலாட்டு ஒன்றைப் பாடினாள். குரல் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால், பாட்டு முடிவை நெருங்க நெருங்க அதன் நடை தளர்ந்துகொண்டே சென்றது. “லயம் பேணப்படவில்லை” என்று புள்ளித்தாளில் எழுதினேன். அவளுக்கு நான்காம் இடம் கிடைத்தது. முதல் மூன்று இடங்களும் வகுப்புக்குச் சென்று கீர்த்தனை பயின்ற நகரத்துப் பிள்ளைகளுக்குப் போயின.

போட்டி முடிந்து தேநீர் அருந்துகையில், அச்சிறுமியை அழைத்து வந்த தோட்டப் பாடசாலை ஆசிரியை என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

“சேர், கடைசியிலே பாட்டு ஏன் மெதுவாகிறது என்று யோசித்தீர்களா? பிள்ளை உறங்கத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் தொட்டிலை வேகமாக ஆட்டலாமா?”

எனக்கு விடை தோன்றவில்லை. சங்கீதத்திலே லயம் என்றால் என்னவென்று நான் அறிவேன். தொட்டிலை ஆட்டும் கையிலும் ஒரு லயம் உண்டு என்பதை அறியாதிருந்தேன். முடிவோ அறிவிக்கப்பட்டாயிற்று. அடுத்த ஆண்டு அச்சிறுமி போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை.

தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறுவன. முதற்படியிலே நிறுத்தப்பட்ட குரலை மேற்படியில் இருப்போர் கேட்பதற்கு வழியில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றுட் பல மறைந்திருக்கும். நாமோ பாடவந்த பிள்ளையையே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

வெளியார் நடுவராக இருத்தல் கூடாது என்பது என் கருத்தன்று. அவருக்கு மாமன் மகனும் இல்லை, அயல்வீட்டுப் பகையும் இல்லை; அது பெரிய நன்மை. ஆனால், அவர் அருகில் அந்தப் பாட்டின் மண்ணை அறிந்த ஒருவரேனும் அமர வேண்டும். புள்ளி இடுமுன், இப்பாட்டு எங்கே, எந்த வேளையில் பாடப்படுவது என்று கேட்க வேண்டும். நடுவு நிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமையாகக் காட்டினார். மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கும் வியாபாரியோ, தராசில் இடுமுன் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறார். நிறையைத் தராசு காட்டும். மணத்தை அது காட்டாது என்பதை அவர் அறிவார்.

இப்பகுதியை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளித்தாள் ஒரு நாளின் கணக்கு. அதுவும் ஒரு மனிதரின் கணக்கு. அதிற் குறைந்ததற்காகப் பாடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தோட்டை மலையிலிருந்து வந்த அச்சிறுமி இன்று ஒரு தாயாக இருக்கக்கூடும். இவ்வரிகள் அவள் கண்ணிற் பட்டால், அன்று தவறியது அவள் லயம் அன்று, என் செவியே என்று அறிந்துகொள்வாளாக. அந்தத் தாலாட்டைத் தன் பிள்ளைக்கும் கற்பிப்பாளாக.