தீபத்துக்குப் புதுக் கதை எழுதக் கூடாதா?



கார்த்திகை வந்தாலே சுவரிதழுக்குத் தீபக் கதை கேட்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே கதையைத்தான் தர்றோம். பிரம்மா அன்னமாகப் பறந்தார், விஷ்ணு பன்றியாகத் தோண்டினார், தாழம்பூ பொய் சாட்சி சொன்னது. "புதுசா எழுதுங்கப்பா" என்றால், "சாமி கதையை நாமளா உண்டாக்கலாமா?" என்று கேள்வி வருது.

தாராளமாக எழுதலாம் என்பது என் கருத்து. நம்ம ஊரே அதைச் செய்திருக்கிறதே! வல்லாள மகாராஜா புராண ஆள் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்து ஆண்ட போசள மன்னர். பிள்ளை இல்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது கதை. (சரித்திரத்தில் அவருக்கு மகன் உண்டு, அது வேற விஷயம்!) இன்றைக்கும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார். நெருப்புத் தூண் கதைக்கு முன்னால் இது நேற்று வந்த கதை. யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?

பழைய கதையை விட்டுடணும்னு சொல்லவில்லை. அது இல்லாட்டி மலை உச்சியில் ஏன் தீபம் என்றே புரியாது. ஆனால் திரும்பச் சொல்றதுன்னா காப்பி அடிக்கிறது இல்லை. எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்தைத் தன் தமிழில், தன் பாட்டாகத்தான் பாடினார். நாமும் ஒரு தடவை தாழம்பூ பக்கம் நின்று எழுதிப் பார்ப்போமே. அது பயந்து பொய் சொன்னதா, ஆசைப்பட்டுச் சொன்னதா?

2668 அடி உயரத்துக்குக் கொப்பரையைத் தூக்கிட்டுப் போறவங்க தோள் எப்படி வலிக்கும்? 14 கி.மீ. கிரிவலப் பாதையில் விடிய விடிய சுண்டல் விற்கிறவங்க, மறுநாள் குப்பை அள்ளுறவங்க, இவங்க வீட்டில் அன்றைக்கு அகல் ஏற்றுவது யார்? இதெல்லாம் கதை இல்லையா?

மலையைப் பற்றியே புதுக் கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மனசு கனக்குது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் நம்மை மாதிரிப் பிள்ளைகள். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, அதே மலையில் தீபம் ஏற்றினார்கள். மண் இளகி இருந்ததால் பக்தர்களை மேலே விடவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் நின்று மலையைக் கும்பிட்டவங்க மனசில் என்ன ஓடியிருக்கும்? இதை எந்தப் புராணத்தில் தேடுவது? பக்கத்தில் இருக்கிற நாம்தான் கேட்டு எழுதணும்.

அடுத்த இதழுக்கு நான் கொப்பரைக் கதை எழுதப் போறேன். தாழம்பூவை யார் எடுத்துக்கறீங்க?

– 9-ஆம் வகுப்பு மாணவி