கல்பாக்கத்தில் கசிந்தது கழிவுநீர் மட்டும்தானா?

2003 ஜனவரி 21. கல்பாக்கம் அணு எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த சில ஊழியர்கள், கழிவுத் தொட்டிகள் இருக்கும் பகுதிக்குப் போனார்கள். குறைந்த கதிரியக்கம் கொண்ட கழிவுநீரில் கொஞ்சம் மாதிரி எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. வழக்கமான வேலை. ஆனால் அதிகக் கதிரியக்கம் கொண்ட கழிவைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஒரு வால்வு பழுதாகியிருந்தது. கழிவு மாறி வந்திருந்தது. எடுத்த மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ஆறு பேர் உடலில் கதிர்வீச்சு ஏறியது. அளவு, 280 முதல் 420 மில்லிசீவெர்ட். இந்தியாவில் ஒரு தொழிலாளி ஒரு வருடம் முழுக்க வாங்கக்கூடிய உச்சவரம்பு 30 மில்லிசீவெர்ட். அதாவது ஒன்பது வருடத்துக்கும் மேலான அளவு, ஒரே நாளில்!

வால்வு பழுதாவது எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கும். கேள்வி அதுவல்ல. ஆலை தொடங்கி ஏறக்குறைய ஐந்து வருடமாகியும் அந்த இடத்தில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி ஏன் இல்லை? வால்வு பழுதானால் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு ஏன் இல்லை? சில ஆயிரம் ரூபாய் அலாரம் கடைக்காரர்கூட வைக்கிற காலம் இது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். மூன்றே நாளில் ஊழியர் சங்கம் பத்துக் கோரிக்கைகளோடு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமியுங்கள் என்பதும் அதில் ஒன்று. பதில் இல்லை. சில மாதம் கழித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களுக்கு இடமாற்றம் கிடைத்தது. கடைசியில் விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான், விபத்து நடந்து ஆறு மாதத்துக்கும் மேல் கழித்து, நிர்வாகம் வாய் திறந்தது. இந்திய அணுசக்தி வரலாற்றிலேயே மோசமான கதிர்வீச்சுப் பாதிப்பு இது என்று ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், ஊழியர்களின் அதீத ஆர்வமும் தவறான கணிப்பும்தான் காரணம், அவர்கள் பேட்ஜ் அணியவில்லை என்றும் சொன்னது.

அந்தப் பேட்ஜ் என்ன செய்யும்? உடலில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்பதைப் பின்னால் ஆய்வகத்தில் படித்துச் சொல்லும். முன்கூட்டி எச்சரிக்காது. வெள்ளத்தில் அடித்துப் போனவனிடம், 'மழைமானியைக் கையில் வைத்திருந்தாயா?' என்று கேட்பது போன்றது இந்தக் குற்றச்சாட்டு.

அப்படியானால் கண்காணிப்பாளர் எங்கே போனார்? 1983-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தொடங்கப்பட்டது. ஆனால் கல்பாக்கத்து ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. 2000 ஏப்ரலில் வந்த ஓர் உத்தரவு, அந்த மையத்தின் நிலையங்களை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. மையமே தனக்கொரு பாதுகாப்புக் குழுவை வைத்துக்கொண்டது. மாணவனே கேள்வித்தாள் தயாரித்து, மாணவனே விடைத்தாள் திருத்தி, மாணவனே மார்க் போடும் பரீட்சை! யார் ஃபெயில் ஆவார்கள்?

வாரியத்தின் கீழ் இருந்த மற்ற நிலையங்களின் கதையும் பெரிதாக வேறல்ல. வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலர். உலைகளை நடத்துவதும் அதே துறை. 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இந்தக் குறையைப் பட்டியலிட்டது. விதி மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்பதையும் அது எடுத்துக்காட்டியது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினாலே இதைவிட அதிகம் கட்டவேண்டும்.

இது ராணுவ ரகசியத்தோடு சம்பந்தப்பட்ட இடம், எல்லாவற்றையும் வெளியில் சொல்ல முடியாது என்று ஒரு தரப்பு வாதிடும். அணுகுண்டின் வடிவமைப்பு ரகசியமாக இருக்கட்டும், யாரும் கேட்கவில்லை. ஆனால் கழிவுத் தொட்டியின் வால்வு எந்த எதிரி நாட்டுக்கு எதிராக ரகசியம்? ஆறு தொழிலாளிகள் வாங்கிய கதிர்வீச்சின் அளவை மறைத்தால் நாட்டின் எல்லை பலப்படுமா? ரகசியம் என்ற போர்வை குண்டை மறைக்கவே போர்த்தப்பட்டது. அதன் அடியில் அலட்சியமும் வசதியாகப் படுத்துக்கொண்டது.

நம் விஞ்ஞானிகள் திறமைசாலிகள், அவர்களை நம்பக்கூடாதா என்பது இன்னொரு வாதம். திறமையில் குறை இல்லை. ஆனால் அமெரிக்கா 1974-ல் சட்டம் இயற்றி, அணுசக்தியை வளர்க்கும் வேலையையும் கண்காணிக்கும் வேலையையும் பிரித்தது, அங்கே திறமைசாலிகள் இல்லாததால் அல்ல. ஜப்பான் 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகுதான் அந்தப் பாடத்தைப் படித்தது. 2012-ல் தனி ஆணையம் அமைத்தது. வளர்ப்பவனும் கண்காணிப்பவனும் ஒரே ஆளானால், எவ்வளவு நல்லவனும் தன் குறையைத் தள்ளிப்போடுவான்.

இந்தியாவில் 2011-ல் தனி ஒழுங்குமுறை ஆணையத்துக்கான மசோதா வந்தது. 2014-ல் மக்களவையோடு அதுவும் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. வாரியம் பிறந்து 42 வருடம் கழித்து! அதே சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையின் கதவைத் திறந்துவிட்டது. அதனால் கண்காணிப்பின் தேவை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

சட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் அதிகாரம் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அதை அளக்க எளிய வழி உண்டு. கல்பாக்கத்துக் கழிவுத் தொட்டியை, அந்த ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர், முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க முடியவேண்டும். 'கருவி இல்லை, ஆலையை நிறுத்து' என்று அவர் சொன்னால் ஆலை நிற்கவேண்டும். அவர் எழுதும் அறிக்கையை அந்தக் கடலோரத்து மீனவரும் படிக்க முடியவேண்டும். 'இங்கே ஆபத்து' என்று முதலில் சொல்லும் தொழிலாளிக்கு இடமாற்ற உத்தரவு வரக்கூடாது.

இந்த நான்கும் நடக்காத வரை கல்பாக்கத்தில் எல்லாம் பத்திரம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. 2003-லும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மாதிரி எடுக்கப்போன அந்த ஆறு பேரிடமும்.