கையில் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள்

சென்னை புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் பிளாஸ்டிக் நாற்காலிக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். வருகிறவர் நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்குவார், “நல்லா வெயிட்டா இருக்கு, உழைக்கும்” என்பார், காசைக் கொடுப்பார். என் அம்மாவும் அப்படித்தான் வாங்கினார். எட்டாம் மாதம் பின்கால் முறிந்து, விழுந்ததில் இடுப்பில் அடி. முறிந்த இடத்தைத் தேய்த்தேன். விரலில் மாவுபோல் வெள்ளையாக ஒட்டியது. சுண்ணாம்புக்கல் தூள்.

கனமானது உழைக்கும் என்ற இந்த நம்பிக்கை தப்பு. இதை நம்பியே நாம் மலிவான தூளைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பிளாஸ்டிக்கில் தூளையும் கலக்கலாம், கண்ணாடி நாரையும் கலக்கலாம். கணக்கைப் பாருங்கள். கண்ணாடி நாரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.55 கிராம்; சுண்ணாம்புத் தூளுக்கு 2.7. பாலியெஸ்டர் ரெசினில் கன அளவில் 30 சதவீதம் நாரைச் சேர்த்தால் அடர்த்தி 1.6, தூளைச் சேர்த்தால் 1.65. தராசுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விறைப்பைப் பார்த்தால் கதையே வேறு. வெறும் ரெசினுக்குச் சுமார் 3.5 கிகாபாஸ்கல். தூள் கலந்தால் ஆறோ ஏழோ. நாரை ஒரே திசையில் நெடுக அடுக்கினால் அந்தத் திசையில் 24. கனம் கொஞ்சம் குறைவு, விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல்!

தூளின் ஒவ்வொரு துகளும் ரெசினுக்குள் தனித்தீவு. பாரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நடுவிலிருக்கும் மெத்தென்ற ரெசினைத் தாண்ட வேண்டும். நார் அதைத் தானே நெடுகச் சுமந்து போகும். மண்சுவருக்கு வைக்கோலைச் சேர்த்து மிதித்த நம் பாட்டன்மாருக்கு இது தெரிந்திருந்தது.

காசிமேட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை வேகமாகப் பிடித்தவை, இதே கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த பைபர் படகுகள். பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன்: அச்சின் மேல் நார்ப்பாயை விரித்து, ரெசினைத் தடவி, ஒரு காற்றுக் குமிழிகூடத் தங்காமல் உருளையால் அழுத்துகிறார்கள், அதன்மேல் அடுத்த பாய். அலையில் அடிவாங்கும் படகுக்கு உயிரே அந்தப் பாய்தான். அப்படியிருந்தும் ஓட்டை விழுந்தால் நாரில்லாமல் ரெசினில் தூளைக் குழைத்த வெறும் பட்டியை அப்பிவிட்டு, “தடிமனா இருக்கு” என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. கடலில் போகிற உயிரோடு விளையாடுவது அது.

தூளே கூடாது என்று சொல்லவில்லை. மணலும் ஜல்லியும் கலந்த கான்கிரீட்டும் துகள் கலவைதான். அமுக்கத்தை அருமையாகத் தாங்கும். ஆனால் இழுவை வரும் இடத்தில் அதற்குள்ளும் கம்பி வைக்கிறோமே!

அம்மாவின் நாற்காலியில் உடைந்த துண்டை ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். இப்படிப்பட்ட நாற்காலிகளைச் செய்யும் பாலிபுரொப்பிலீன், கலப்பில்லாமல் இருந்தால் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். எடையில் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் தூள் சேர்ந்தால் மூழ்கும். துண்டு நேரே அடியில் போய் உட்கார்ந்தது.