குரல் பதிவுகளும் ஒரு குட்டி ஸ்கிரிப்டும்

வகுப்பில் பாதிப் பேர் இப்போது நோட்ஸ் எடுப்பதே இல்லை. செல்போனில் சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் ஆச்சி பாடுகிற தாலாட்டு, தாத்தா சொல்கிற பழைய வரப்புத் தகராறு எல்லாம் பதிவாகிறது. சரி, பதிவான பிறகு? 'புதிய பதிவு 47', 'புதிய பதிவு 48'... ஐபோனில் இடத்தை வைத்துப் பெயரிடும் வசதி போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை. ஹாஸ்டல் அறையில் பேசியதெல்லாம் ஒரே தெருப் பெயரில் வரிசை கட்டி நிற்கும். புகைப்படம் என்றால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நாற்பது நிமிட ஒலியை அப்படிப் புரட்ட முடியுமா? பெயர் இல்லாத பதிவு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதற்கு ஆப்கள் நிறைய உண்டு. ஆனால் வைத்த பெயர் பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே தங்கிவிடும். மேக்கில் இருக்கும் வாய்ஸ் மெமோஸையே பாருங்கள்: ஃபைலின் பெயர் வெறும் தேதியும் நேரமும்தான், பயனர் கொடுத்த தலைப்பு தனியே ஒரு டேட்டாபேஸில் கிடக்கும். ஃபைலை மட்டும் காப்பி செய்தால் அந்தத் தலைப்பு ஃபைல் பெயரில் வராது. அதனால்தான் பைத்தானில் முப்பது வரி ஸ்கிரிப்ட் போதும், பெயர் ஃபைல் மேலேயே இருக்கட்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. முப்பது வரி எழுதுவது, செமஸ்டர் லேப் தேர்வு எழுதியவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

வழுக்குகிற இடங்கள் இரண்டு. முதலாவது தேதி. ஃபைல் மாற்றப்பட்ட தேதியை நம்பினால் சில சமயம் காப்பி செய்த நாளோ, டவுன்லோட் செய்த நாளோதான் கிடைக்கும். எம்4ஏ ஃபைல்களுக்குள் பதிவான நேரம் பெரும்பாலும் இருக்கும், எஃப்எஃப்ப்ரோப் அதை எடுத்துக் கொடுக்கும். ஆனால் அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். 10ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் பதிவு செய்தது, 9ஆம் தேதி இரவு 8.30 என்று நிற்கும். ஐந்தரையைக் கூட்ட மறந்தால் விடிகாலைப் பதிவெல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விடும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. பைத்தானின் ரீநேம், லினக்ஸிலும் மேக்கிலும் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். (விண்டோஸ் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, பிழை காட்டி நின்றுவிடும்.) ஒரே நாளில் ஆச்சி பாடிய இரண்டு பாட்டுக்கும் 'தேதி - ஆச்சி' என்று பெயர் வைத்தால் மிஞ்சுவது ஒன்றுதான். எனவே பெயரில் நொடி வரை நேரம் இருக்கட்டும். ஸ்கிரிப்ட் காப்பி எடுத்து அந்தக் காப்பிக்குப் பெயர் வைக்கட்டும், அசலைத் தொடவே கூடாது. அழிக்கும் கட்டளை அதில் இருக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிடலாமே என்பார்கள். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் தமிழும் கேட்கும், சொந்தக் கணினியிலேயே ஓடும், வீட்டார் பேச்சை வேறு யாருடைய சர்வருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது பேச்சே இல்லாத இடத்தில் யாரும் சொல்லாததை எழுதுவதும் உண்டு. ஆச்சியின் வட்டாரப் பேச்சில் எவ்வளவு தடுமாறும் என்று கேட்கவே வேண்டாம். இதைவிட, பதிவின் தொடக்கத்தில் யார் பேசுகிறார், எந்த ஊர், எதைப் பற்றி என்று பத்து நொடி சொல்லிவிடுவது மேல். ஸ்கிரிப்ட் அந்தப் பத்து நொடியை மட்டும் வெட்டி எழுத்தாக்கிப் பெயராக வைத்துவிடும். தப்பாக இருந்தால் கையால் திருத்திக்கொள்ளலாம்.

பழைய பதிவுகளுக்கு இந்த வித்தை பலிக்காது. கூடவே பாடுகிற இன்னொரு குரல் பெரியத்தையா, பக்கத்து வீட்டு அக்காவா என்று எந்த ஸ்கிரிப்டும் சொல்லாது. அதை ஆச்சியிடம்தான் போட்டுக் காட்டிக் கேட்க வேண்டும், அடுத்த லீவிலேயே.