அரை வராகனும் அடைச்ச ஓட்டையும்

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்து அரிச்சுக்கிட்டிருக்கிற விஷயம் இது. எழுதினா காசு சேர்க்கிற நண்பர்கள் சிலர் கோவிச்சுக்குவாங்க. விக்கிறவங்க பலர் கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும். இதுக்கு மேலயும் வாயை மூடிக்கிட்டிருந்தா நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்னு ஆயிடும்.

முதல்ல நான் ஏமாந்த கதையைச் சொல்லிடறேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாணயக் கண்காட்சியில (ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாமே) ஒரு அரை வராகன் வாங்கினேன். தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1807 வாக்கில் சென்னையில் அடிச்ச வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுத்தி நட்சத்திரங்கள், ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எழுத்து. மறுபக்கம் தாமரையில் இருந்து எழுந்து நிக்கிற பெருமாள், சுத்திப் புள்ளிகள், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. எடை சுமார் 21 கிராம். உள்ளங்கையில வச்சா நல்லா கனமா உக்காரும். 1818-ல் மெட்ராஸ் மாகாணம் வராகன் கணக்கை விட்டுட்டு ரூபாய் கணக்குக்கு மாறினதும் இதுக்கு வேலை முடிஞ்சு போச்சு. புழங்கினதே பத்துப் பதினோரு வருசம்.

திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது 1792-ல். திப்பு சுல்தான் எழுதிக் கொடுத்ததுல நம்ம ஊரும் ஒண்ணு. அடுத்த பதினஞ்சு வருசத்துல வந்த காசு இது. நம்ம ஊர் விவசாயி ஒருத்தர் இந்த மாதிரிக் காசை எண்ணி வரி கட்டியிருக்கலாம் இல்லையா? மலைக்கோட்டையை நிமிர்ந்து பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெனப்புத்தான். அதனாலதான் 22,000 ரூபாயை, வீட்டுல சொல்லாம, எடுத்துக் கொடுத்தேன்.

காசு பாக்க அவ்ளோ அழகு. மேடெல்லாம் வெள்ளையா, பள்ளமெல்லாம் கருப்பா, படம் வரைஞ்ச மாதிரி. "சார், இந்தத் தரத்துல இன்னொண்ணு கிடைக்காது. கை படாத காசு"ன்னார் வித்தவர்.

கை படாத காசா... கைதான் பட்டிருக்கு, உளியும் பட்டிருக்கு!

எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆசாரி இருக்கார். எழுபது வயசு தாண்டினவர். பெருமைக்குத்தான் அவர்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். கையில வாங்கினார், கல்லு மேல லேசாப் போட்டுச் சத்தம் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, காசைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தார். அப்புறம் எச்சில் தொட்டு கோபுரத்து உச்சிகிட்ட கட்டைவிரலால ஒரு தேய். விரல்ல கருப்பு ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

"எவ்வளவுக்கு வாங்குனீங்க தம்பி?"

சொன்னேன்.

"இதுல ஒரு ஓட்டை இருந்திருக்கு. வெள்ளிச் சில்லு வச்சு, பொடி போட்டு ஊதி அடைச்சிருக்காங்க. மேல கோபுரத்தைச் செதுக்கி விட்டவன் நல்ல வேலைக்காரன்தான். ஆனா நட்சத்திரத்தை மறந்துட்டான் பாருங்க."

வீட்டுக்கு வந்து புத்தகத்துல இருக்கிற படத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுன்னு காலியா இருந்துச்சு. எடை போட்டா எடை சரியாத்தான் இருக்கு. இருக்காதா பின்ன, அடைச்சதும் வெள்ளிதானே!

அன்னிக்கு ராத்திரி தூங்கல. பணம் போனது ஒரு பக்கம். அதைவிட வேற ஒண்ணு உறுத்திச்சு.

அந்த ஓட்டை எப்படி வந்திருக்கும்? பெருமாள் உருவம் இருக்கிற காசு. யாரோ ஒரு ஆத்தா அதுல ஓட்டை போட்டு, கயிறு கோத்து, கழுத்துலயோ பிள்ளை இடுப்புலயோ கட்டியிருக்கணும். செல்லாத காசு சாமியாயிடுச்சு. எவ்ளோ அழகான கதை அது! அந்த ஓட்டைதான் அந்தக் காசோட சுயசரிதை. அதைத்தான் ஒருத்தன் அடைச்சு, மேல கருப்பு மை பூசி, "கை படாத காசு"ன்னு வித்திருக்கான். ஓட்டையோட, உள்ளதைச் சொல்லி, கொறைஞ்ச விலைக்குக் கொடுத்திருந்தா நான் சந்தோசமா வாங்கியிருப்பேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய வெள்ளிக்காசுக்குச் செய்யற "ரிப்பேர்" இருக்கே, அதை மறைச்சு விக்கிறது மோசடி. "சும்மா சுத்தம் பண்ணினது சார்"னு அதுக்குப் பவுடர் போட வேண்டாம்.

வெள்ளி கருப்பாகிறது அழுக்கு இல்லைங்க. காத்துல இருக்கிற கந்தக வாயு வெள்ளியோட சேர்ந்து உண்டாகிற மெல்லிய படலம். நூறு வருசம், நூத்தைம்பது வருசம் பொறுமையாப் படிஞ்சது. அதை ஆசிட்டில் முக்கி எடுத்தா படலம் மட்டும் போறதில்ல, வெள்ளியா இருந்து கருப்பா மாறின மேல்தோலும் சேர்ந்து போகுது. அச்சு விழுந்தப்ப வந்த இயல்பான மினுமினுப்பு அந்தத் தோல்லதான் இருக்கு. ஒரு தடவை போனா போனதுதான்.

பஃபிங் பண்றவங்க இன்னும் ஒரு படி மேல. நம்ம ஊருக்குப் பூட்டுன்னு பேரு. பூட்டை மெருகேத்தற சக்கரத்துல காசைக் காட்டினா என்ன ஆகும்? பூட்டுக்கு அது அழகு. காசுக்கு அது தோல் உரிக்கிறது.

என்ன பெருசாப் போயிடுதுன்னு கேட்பீங்க. ரெண்டு உதாரணம் சொல்றேன். விக்டோரியா ராணி 1862 ரூபாயை எடுத்துக்கங்க. 1874 வரைக்கும் அடிச்ச ரூபாயிலும் 1862-ன்னுதான் போட்டிருக்கும். பம்பாய் அக்கசாலையில எந்த வருசத்துக் காசுன்னு அடையாளம் தெரிய குட்டிக் குட்டிப் புள்ளிகள் வச்சாங்க. அந்தப் புள்ளியை எண்ணித்தான் வகை பிரிக்கிறோம். சக்கரத்துல ஒரு சுத்து காட்டினா புள்ளி போச்சு. புள்ளி போனா அந்தக் காசோட அடையாளமே போச்சு.

இன்னொண்ணு, என் அரை வராகனோட சொந்தக்காரங்க. அதுல சிலது ஸ்பெயின் வெள்ளி டாலர் மேலயே அடிச்சவை. கோபுரத்துக்கு அடியில பழைய டாலரோட எழுத்து நிழல் மாதிரி தெரியும். எங்கயோ அமெரிக்கச் சுரங்கத்துல வெட்டின வெள்ளி, கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து, கோபுரமும் பெருமாளுமா மாறின சரித்திரம் அந்த நிழல்ல இருக்கு. "தெளிவா இல்லையே"ன்னு அதைத் தேய்ச்சு எடுக்கிறவனை என்ன சொல்லித் திட்டறது?

காயம்கூட சரித்திரம்தான். 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைச்ச ரோமானியத் தங்கக் காசுகள் 501. பெரும்பாலானதுல ராசா தலைக்கு மேல வெட்டு. ஏன் வெட்டினாங்கன்னு அறிஞர்கள் எவ்ளோ எழுதியிருக்காங்க! அந்த வெட்டை ஒருத்தன் அடைச்சு மெருகேத்தியிருந்தா அந்தக் கேள்வியே பொறந்திருக்காது.

அடுத்து தேதி வித்தை. ஆறாம் ஜார்ஜ் 1939 ரூபாய் கிடைக்கிறது அபூர்வம். 1938 சாதாரணமாக் கிடைக்கும். கடைசி எட்டோட கீழ் வளைவுல ஒரு பக்கத்தைச் சுரண்டினா ஒன்பது! வேலை அஞ்சு நிமிசம், விலை பல மடங்கு.

பழசாக்கிற வித்தையும் புதுசு இல்ல. ஜெர்மனியில பெக்கர்னு ஒருத்தர் இருந்தார் (1772-1830). கள்ளக்காசு அடிக்கிறதுல மன்னன். புதுசா அடிச்ச காசை, இரும்புத்தூளும் பசையும் போட்ட பெட்டியில வச்சு, குதிரை வண்டியில கட்டி, ஊர் சுத்தி வருவாராம். குலுங்கிக் குலுங்கிக் காசு ரெண்டாயிரம் வருசம் பழசாயிடும். இப்ப வண்டியும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். கந்தகக் கரைசல் ஒரு கிண்ணம் போதும்.

விக்கிறவங்க சொல்ற நியாயங்களையும் பாத்துடலாம்.

"மியூசியத்துலயே சுத்தம் பண்றாங்களே?" பண்றாங்க. எழும்பூர் அருங்காட்சியகத்துல 1930-லயே அதுக்குன்னு வேதியியல் கூடம் வந்தாச்சு. ஆனா அவங்க பண்றது அரிப்பு மேல பரவாம பொருளைக் காப்பாத்த. என்ன செஞ்சோம்னு எழுதியும் வைப்பாங்க. நீங்க பண்றது விலையைக் கூட்ட, செஞ்சதை மறைக்க. ரெண்டும் ஒண்ணா?

"கேட்டா சொல்லியிருப்பேனே?" இது இன்னும் ஜோர். கேக்கத் தெரிஞ்சவன் உங்ககிட்ட ஏன் ஏமாறப் போறான்? வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனங்கள் காசைப் பாத்ததும் 'கழுவினது', 'ஓட்டை அடைச்சது', 'செதுக்கினது'ன்னு டப்பாவுலயே எழுதிடறாங்க. எழுதினாலும் அந்தக் காசு விக்காமப் போறதில்ல, நியாயமான விலைக்கு விக்குது. ஒரு துண்டுச் சீட்டுல ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

இவ்ளோ பேசிட்டு நம்ம முதுகைப் பாக்கலைன்னா தப்பு. கள்ளத்தனத்துக்கு விதை போட்டதே நாமதான். எங்க அப்பத்தா அஞ்சாறு ராணி ரூவா வச்சிருந்தாங்க. பொங்கலுக்குப் பொங்கல் சின்னப் பையன் நான் உக்காந்து பல்பொடி போட்டுத் தேய்ப்பேன். கண்ணாடி மாதிரி மின்னும். அப்பத்தாவுக்குப் பெருமை தாங்காது. விபூதி, புளி, பூந்திக்கொட்டைன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வைத்தியம். வளர்ந்தப்புறமும் அதே புத்தி. கருத்த காசையும் பளபளத்த காசையும் பக்கத்துல வச்சா நம்ம கை எதுக்குப் போகுது? நாம பளபளப்புக்குக் காசு கொடுக்கிறோம், அவங்க பளபளப்பைத் தயார் பண்றாங்க. பிரிட்டிஷ் ரூபாய்ல அப்பத்தா பேர்ல நான் பண்ணின பாவமும் சேர்த்துத்தான் எழுதறேன்.

புதுசா வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு நாலு விஷயம்:

ஒண்ணு, முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி விளிம்பைப் பாருங்க. விளிம்புல வரிவரியா ஓடணும். பன்னிரண்டு மணி இடத்துல வரி அழிஞ்சிருந்தா அங்க வளையம் இருந்திருக்கு.

ரெண்டு, தராசு. 1835 முதல் 1939 வரைக்கும் உள்ள ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டுல பதினோரு பங்கு வெள்ளி. 1940-ல் இருந்து வெள்ளி பாதிதான். எடை ரொம்பக் கொறைஞ்சா சந்தேகப்படுங்க. எடை சரியா இருக்கிறதாலயே நம்பிடாதீங்க, என் கதை ஞாபகம் இருக்கட்டும்.

மூணு, பத்து மடங்கு லென்ஸ். ஒரே திசையில மெல்லிய கீறல் நிறைய இருந்தா தேய்ச்ச காசு. எழுத்தைச் சுத்தி மட்டும் தளம் பள்ளமா இருந்தா செதுக்கின காசு.

நாலு, சந்தேகத்துக்குச் சும்மா இருங்க. வீட்டுல இருக்கிற பழைய காசைக் கழுவாதீங்க. எதுவும் செய்யாம இருக்கிறதுதான் நீங்க அதுக்குச் செய்யற பெரிய உதவி.

கடைசியா, என் அரை வராகன் கதைக்கு ஒரு முடிவு இருக்கு. வித்தவருக்குப் போன் பண்ணினேன். "வாங்கும்போது பாத்துத்தானே சார் வாங்குனீங்க"ன்னு வச்சுட்டார். ஒரு நண்பன், காசு சேர்க்கிறவன்தான், சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "மாப்ள, அடுத்த கண்காட்சியில இருபத்தஞ்சுக்குத் தள்ளி விட்டுரு. உனக்கு எப்படி வந்துச்சோ அப்படியே போகட்டும்."

பொய் சொல்லல, ரெண்டு நாள் யோசிச்சேன். ஸ்டாலுக்கு இடம்கூட விசாரிச்சேன். அப்புறம் ஆசாரிகிட்டயே போய்க் கேட்டேன், "இந்த மாதிரி வேலை நீங்களும் பண்ணியிருக்கீங்களா?"ன்னு. தலையை நிமிராமலே சொன்னார்: "பண்ணியிருக்கேன் தம்பி. ஓட்டையை அடைச்சுக் குடுன்னு கேட்டாங்க, அடைச்சுக் குடுத்தேன். சொல்லாம விக்கிறதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லல."

அவர் கையில குத்தம் இல்ல. சில்லு வச்சது குத்தம் இல்ல. அதுக்கப்புறம் கை மாறும்போது எவனோ ஒருத்தன் வாயை மூடிக்கிட்டான் பாருங்க, அங்கதான் மோசடி ஆரம்பிச்சுது. நான் தள்ளி விட்டிருந்தா அடுத்த மூடின வாய் என்னோடது.

இப்ப அது என் ஆல்பத்துலதான் இருக்கு. பக்கத்துல ஒரு சீட்டு, என் கையெழுத்துல: "ஓட்டை அடைச்சது. கோபுர உச்சி புதுசாச் செதுக்கினது. கருப்பு, பூசினது. ஒரு நட்சத்திரம் இல்லை." எனக்கப்புறம் யார் கைக்குப் போனாலும் அந்தச் சீட்டும் கூடப் போகணும்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

உங்க ஆல்பத்துல இருக்கிற காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்க மக்களே. எழுதக் கை கூசுதா? அப்ப அதை விக்கவும் கை கூசணும் :-)